ஏணியில் நாம் எந்தப் படியில் நிற்கிறோம்?

(மும்பையில் நமது சங்கத்தின் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



மாதம் ஒரு நூலையோ ஒரு கட்டுரையையோ எடுத்துக்கொண்டு பேசுவது நம் படிப்பு வட்டத்தின் வழக்கம். இம்மாதம் எடுத்துக்கொண்டது ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ஆம் ஆண்டு நகரத் திட்ட வல்லுநர்களின் ஏடு ஒன்றில் எழுதிய கட்டுரை. பத்துப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். எங்கள் படிப்பு மெட்ரிக்கோடு நின்றது. எனவே கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரிவரியாகப் படித்தோம். படித்து முடித்தபோது, இது எங்கோ தூரதேசத்துச் சமாசாரம் என்ற எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை. நம் மேசைமேல் கிடக்கும் கடிதத்துக்குப் பதில் எழுத உதவுகிற கட்டுரையாகவே பட்டது.

அந்தக் கடிதத்தின் விவரம் உங்களில் பலருக்குத் தெரியும். நமது குடியிருப்பை இடித்து மாற்றிக் கட்டப் போகிறார்கள். அதற்கு ஓர் ஆலோசனைக் குழு. அதில் நம் சங்கத்துக்கு இரண்டு இடம். "மக்கள் பங்கேற்போடு கூடிய வளர்ச்சி" என்று தலைப்பு வைத்து, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வரும் ஞாயிறு பொதுக்குழு கூடி இதற்கு முடிவெடுக்க வேண்டும். இரண்டு இடத்தையும் இன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள் சில தோழர்கள். கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்கிறார்கள் வேறு சிலர். இரு சாராரும் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ஆர்ன்ஸ்டீன் அம்மையார் அமெரிக்க அரசாங்கத்தின் வீட்டு வசதி, நகர வளர்ச்சித் துறையில் மக்கள் பங்கேற்புக்கான ஆலோசகராக இருந்தவர். அதாவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். 1964-இல் அங்கே வறுமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஏழைகளுக்கான திட்டங்களில் அந்த ஏழைகளே இயன்றவரை முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அதன் பிறகு ஊருக்கு ஊர் குழு, பேட்டைக்குப் பேட்டை கூட்டம். நடந்தது என்ன என்று உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது என்பதால்தான் இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு கனம்.

அவர் ஓர் ஏணியைப் படம் போட்டுக் காட்டுகிறார். எட்டுப் படிகள். அடியில் இருக்கும் இரண்டு படிகளும் பங்கேற்பே அல்ல என்கிறார். நடுவில் இருக்கும் மூன்றும் பேருக்குப் பங்கேற்பு. மேலே இருக்கும் மூன்றில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்குப் பங்கு வருகிறது.

முதல் படி ஏய்ப்பு. ஒரு குழுவைப் பெயருக்கு அமைத்து, நான்கு பெரிய மனிதர்களை அதில் உட்காரவைத்து, "மக்கள் ஒப்புக்கொண்டார்கள்" என்று எழுதிக்கொள்வது. இதற்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. நாங்கள் எழுத்தர்கள், கோப்பு எப்படிப் பிறந்து எப்படி வளர்கிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறவர்கள். ஒரு கூட்டத்துக்கு நூறு பேர் வருகிறார்கள். வாசலில் ஒரு தாள் நீட்டப்படுகிறது. வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்து. உள்ளே எண்பது பேர் எதிர்த்துப் பேசுகிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கோப்பைப் புரட்டினால், பேசியது ஒன்றும் இராது. அந்த நூறு கையெழுத்து மட்டும் இருக்கும். அதன் தலைப்பில் மட்டும் ஏதோ ஒரு சொல் மாறியிருக்கும். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நம் சங்கம் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாம் படிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சிகிச்சை. இதற்கு அவர் சொல்லும் நிகழ்ச்சியை மட்டும் முழுமையாகச் சொல்ல வேண்டும். ஒரு தகப்பன் நோயுற்ற தன் கைக்குழந்தையை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அங்கிருந்த இளம் மருத்துவர், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடு என்று அனுப்பிவிடுகிறார். அன்று பிற்பகலே குழந்தை இறந்துவிடுகிறது. நிமோனியா, உடம்பில் நீர் வற்றிப்போனது. அந்தத் தகப்பன் ஏழைகளுக்கென்று அமைக்கப்பட்ட குழுவிடம் போய் முறையிடுகிறான். குழு என்ன செய்தது? மருத்துவமனையை விசாரிக்கவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெற்றோருக்கு வகுப்பு நடக்கிறது, வந்து கலந்துகொள் என்று அவனையே அழைத்தது.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். குற்றம் நடந்த இடம் ஒன்று. திருத்தப் புறப்பட்ட இடம் இன்னொன்று. நம் சந்துகளில் தண்ணீர்க் குழாய் இல்லை. ஆனால் கை கழுவுவது எப்படி என்று வகுப்பெடுக்க ஆள் வருகிறார்கள். வகுப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குழாயைப் பற்றிய கேள்வியை வகுப்பால் மூடிவிடக் கூடாது.

அடுத்து வரும் இரண்டு படிகள் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும். இவை கெட்டவை அல்ல. நல்ல தொடக்கம்தான் என்று அவரே சொல்கிறார். ஆனால் தகவல் ஒரு வழிப் பாதையாக மேலிருந்து கீழே மட்டும் வந்தால், அதுவும் எல்லாம் முடிவான பிறகு வந்தால், அதைக் கேட்டு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கருத்துக் கேட்பும் அப்படியே. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தாளை நிரப்பிக் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டு போவார்கள். மக்கள் அங்கே புள்ளிவிவரமாகிவிடுகிறார்கள். சொன்ன கருத்தை ஏற்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஐந்தாம் படிதான் நம் மேசைமேல் இருக்கும் கடிதம். சமாதானப்படுத்துதல் என்று வைத்துக்கொள்ளலாம். குழுவில் ஏழைகளுக்குச் சில இடம் தருவார்கள். அவர்கள் பேசலாம், யோசனை சொல்லலாம். பெரும்பான்மை அந்தப் பக்கம் இருப்பதால் வாக்கெடுப்பில் தோற்பார்கள். இறுதி முடிவும் மேலேயே நிற்கும். நமக்குத் தரப்படும் இடம் இரண்டு. குழுவில் மொத்தம் எத்தனை பேர் என்று கடிதத்தில் இல்லை. குழுவின் யோசனையைத் தள்ளினால் காரணம் எழுத வேண்டுமா என்பதும் இல்லை. கூட்ட நடவடிக்கைக் குறிப்பை யார் எழுதுவார்கள் என்பதும் இல்லை. எழுத்தர்கள் என்ற முறையில் எங்கள் கண் முதலில் போனது இந்த மூன்றாவதன் மீதுதான். குறிப்பு எழுதுகிறவன் கையில்தான் கூட்டம் இருக்கிறது.

இதற்கு மேலே உள்ள படிகளில் கூட்டுப் பொறுப்பு, ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், கடைசியாக மக்களின் முழுக் கட்டுப்பாடு. ஆறாம் படியான கூட்டுப் பொறுப்பு நிலைப்பதற்கு அவர் சொல்லும் தேவைகள் மிகவும் நடைமுறையானவை. மக்களிடம் தலைவர்களைக் கேள்வி கேட்கும் அமைப்பு இருக்க வேண்டும். வேலையை விட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஏதேனும் கொடுக்கப் பணம் வேண்டும். தங்களுக்கென்று சொந்தமாக வல்லுநரையும் வழக்கறிஞரையும் அமர்த்தவும் நீக்கவும் வசதி வேண்டும். ஆகா, நம் சங்கத்தின் வரவு செலவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருக்கிறது!

ஃபிலடெல்ஃபியா நகரத்தில் நடந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். நகராட்சி ஒரு விண்ணப்பம் தயாரித்தது. அதைத் தயாரிக்கும்போது பேட்டை மக்களைக் கலந்துகொள்ளவில்லை. பேட்டைத் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். நேருக்கு நேர் மோதல் வரும் என்று தெரிந்ததும் நகராட்சி இறங்கி வந்தது. மக்கள் பங்கேற்பு பற்றிய பகுதியை அந்தத் தலைவர்களே எழுதிக் கொடுத்தார்கள், அப்படியே ஏற்கப்பட்டது. அதிகாரம் பகிரப்பட்ட இடங்களில் பெரும்பாலும் அது கேட்டு வாங்கப்பட்டதே தவிரத் தானாக வந்ததில்லை என்பது அவருடைய முடிவு.

1968-இல் பிரான்சில் மாணவர் போராட்டத்தின்போது ஒட்டப்பட்ட சுவரொட்டி ஒன்றையும் அவர் காட்டுகிறார். இலக்கணப் பாடம்போல், தன்மை முன்னிலை படர்க்கை என்று ஒவ்வோர் இடத்துக்கும் பங்கேற்கிறதாக வினைச்சொல்லை அடுக்கிக்கொண்டே வந்து, "அவர்கள்" என்ற கடைசி இடத்தில் மட்டும் லாபம் அடைவதாக வினையை மாற்றிவிடுகிறது. இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரிக்கவில்லை.

இந்தியாவிலும் இந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டில், 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்களின் சொந்த முயற்சியை அது எழுப்பவில்லை என்று கூறிப் பஞ்சாயத்துகளைப் பரிந்துரைத்தது. 1992-இல் அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் வந்தன. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நாம் வாழும் மும்பைக்கு வருவோம். இந்த ஊரில் ஏணியின் மேல்படிக்கு ஏற முயன்றவர்களில் நம்மவர் ஒருவர் முன்னால் நின்றார். ஜோக்கின் அற்புதம். 1947-இல் கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தச்சு வேலை செய்தவர். மான்கூர்ட் ஜனதா காலனியில் வாழ்ந்தவர். அந்தக் காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, குழந்தைகளைத் திரட்டி, குப்பையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் நகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டச் செய்தவர். அணுசக்தி நிலையத்துக்காக அந்த நிலம் கேட்கப்பட்டது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள், டெல்லி வரை போனார்கள். அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த அந்தக் காலனி தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்பில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலருடைய தாய் தந்தையர் அந்த லாரிகளில் ஏறியவர்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் செய்ததுதான் நமக்குப் பாடம். 1974-இலேயே அவர் தொடங்கியிருந்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, 1984-இல் பிறந்த ஸ்பார்க் என்ற நிறுவனத்தோடும், பைகுல்லா நடைபாதைப் பெண்கள் அமைத்த மகிளா மிலனோடும் கைகோத்தது. அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் கணக்கெடுப்பு. 1976 ஜனவரி 4 அன்று அரசாங்கம் குடிசைகளை எண்ணி போட்டோ பாஸ் கொடுத்ததல்லவா? நடைபாதையில் கிடந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவனை அப்புறப்படுத்த யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1985-இல் நடைபாதைக் குடும்பங்களை, ஏறத்தாழ 6,000 குடும்பங்களை, எண்ணி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்கள் நாங்கள் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்பு நடத்தும் உரிமை உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொன்னது. ஆனால் நடைபாதையிலிருந்து அகற்றுவதை அது தடுக்கவில்லை. தீர்ப்பு உரிமையைச் சொன்னது. பட்டியலை மக்கள்தான் போட வேண்டியிருந்தது.

பிறகு தண்டவாளத்து ஓரம். ரயில்வே ஊழியர்கள் என்ற முறையில் இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமில்லை. தண்டவாளத்தின் ஒரு பக்கம் நம் சம்பளம், மறு பக்கம் நம் சொந்தக்காரர்களின் குடிசை; இடையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும் வண்டி. மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காக அந்த ஓரத்தை விட்டு ஏறத்தாழ 60,000 பேர் இடம் மாறினார்கள். குடிசைகளை அளந்தது, பெயர்ப் பட்டியல் எழுதியது, யாரோடு யார் அண்டை வீடாகப் போவது என்று பிரித்தது, இவற்றில் பெரும்பகுதியை அந்த மக்களின் கூட்டமைப்பே செய்தது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஹார்பர் பாதையோரம் குடிசைகள் இடிக்கப்பட்ட சம்பவமும் இடையில் உண்டு. ஆயினும் பெருவாரியான குடும்பங்கள் போலீஸ் தடியில்லாமல், கையில் பட்டியலோடு போனார்கள். அந்த ஆண்டுதான் ஜோக்கினுக்கு மக்சேசே விருது வந்தது. 2018-இல் அவர் மறைந்தார்.

அதோடு கதை முடிந்துவிட்டது என்று சொன்னால் அது வேட்டுப் பேச்சாகிவிடும். அதே திட்டத்தின் சாலைப் பகுதியில் இடம் பெயர்க்கப்பட்ட கடைக்காரர்களும் குடியிருப்போரும் உலக வங்கியின் விசாரணைக் குழுவிடம் முறையிட்டார்கள். 2006-இல் சாலைப் பகுதிக்கான பணத்தை வங்கியே சில காலம் நிறுத்தி வைத்தது. மான்கூர்ட் பக்கம் லல்லுபாய் காம்பவுண்டிலும் அதைப் போன்ற மறுகுடியேற்றக் கட்டடங்களிலும் போய்ப் பாருங்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே வெயில் இறங்காது. அங்கே வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தள வீடுகளில் காசநோய் அதிகம் என்று 2018-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பட்டியல் போடும்போது மக்கள் இருந்தார்கள். கட்டடங்களுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்று கோடு போட்ட மேசையில் அவர்கள் இல்லை. ஒரே திட்டத்தில் ஒரு வேலைக்கு ஆறாம் படி, இன்னொரு வேலைக்கு முதல் படி!

ஆகவே "பங்கேற்பு உண்டா" என்று கேட்டுப் பயனில்லை. எந்த முடிவில் என்று கேட்க வேண்டும். யாருக்கு வீடு என்ற முடிவிலா? எங்கே என்ற முடிவிலா? எத்தனை அடி, எத்தனை மாடி, மாதப் பராமரிப்புப் பணம் எவ்வளவு என்ற முடிவிலா? பைகுல்லா நடைபாதைப் பெண்கள் தங்கள் வீட்டைத் தாங்களே திட்டமிட்டபோது, பரப்பு கிடைக்காது என்று தெரிந்து உயரத்தைக் கேட்டார்கள். 14 அடி உயரத்தில் அறை, அதில் ஒரு பரண். பிள்ளைகள் மேலே படிக்கலாம், கீழே அடுப்பு எரியலாம். எஞ்சினியருக்கு இது தோன்றாது. ஒரே அறையில் ஏழு பேருக்குப் பாய் விரித்த பெண்ணுக்குத்தான் தோன்றும்.

ஒப்புதல் என்ற சொல்லின் கதையையும் மறக்க வேண்டாம். 1995-இல் வந்த குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், 100 குடும்பத்தில் 70 ஒப்பினால்தான் பில்டர் உள்ளே வர முடியும். பின்னால் அது 51 ஆக இறங்கியது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்த நம் பாட்டன்மார் சேற்றை மண் கொட்டி மேடாக்கிய தாராவிக்கு 2004-இல் தனித் திட்டம் போட்டபோது, அந்த ஒப்புதலே வேண்டாம் என்று ஆக்கினார்கள். 70, 51, பூஜ்யம். இந்த இறக்கத்தில் "பங்கேற்பு" என்ற சொல் மட்டும் காகிதத்தில் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆர்ன்ஸ்டீன் கட்டுரையோடு சேர்த்துப் படிக்க வேண்டியவர் பிரேசில் நாட்டு பாவ்லோ ஃபிரெய்ரே. 1963-இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் 300 கூலித் தொழிலாளருக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர். எழுத்து தெரியாதவருக்கு அந்த நாட்டில் அப்போது வாக்குரிமை கிடையாது. எனவே அவர் சொல்லிக் கொடுத்தது எழுத்து மட்டுமல்ல. 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள், பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. சிலி நாட்டில் இருந்தபடி 1968-இல் அவர் எழுதி முடித்த "ஒடுக்கப்பட்டோரின் கல்விமுறை" உலகெங்கும் படிக்கப்படுகிறது. "செங்கல்" போன்ற அன்றாடச் சொல்லிலிருந்து அவர் பாடம் தொடங்கும். செங்கல்லை யார் சுடுகிறார், யார் சுமக்கிறார், அதனால் கட்டிய வீட்டில் யார் இருக்கிறார் என்று பேச்சு வளரும். பேசப் பேச எழுத்தும் வரும். நமக்கு இப்போது அந்தச் சொல் "சர்வே". அதைப் பலகையில் எழுதிப் போட்டு, சந்துக்குச் சந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆர்ன்ஸ்டீன் தன் ஏணியைப் பற்றித் தானே ஒரு குறை சொல்கிறார். மக்கள் ஒரே மாதிரி இல்லை, அதிகாரிகளும் ஒரே மாதிரி இல்லை; வாழ்க்கையில் படிகள் எட்டல்ல, 150 இருக்கலாம் என்கிறார். நம் குடியிருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கோலி வைத்திருப்பவர் வேறு, வாடகைக்கு இருப்பவர் வேறு. மாடிப் போர்ஷன்காரர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. தமிழர் மட்டுமா இருக்கிறோம்? பக்கத்துச் சந்தில் பீகார்த் தோழர்கள், கீழ்ச் சந்தில் மராத்திக் குடும்பங்கள். சங்கம் தமிழருடையது, இடிக்கப் போவது எல்லோருடைய கூரையையும். இரண்டு இடமும் நமக்கே என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், மற்றவர்களுக்கு நாமே முதல் படி ஆகிவிடுவோம். சாதியைக் கேட்டு ஆள் போடும் பழக்கத்தையும் ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் சிலர் உண்டு. அதையும் வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டும்.

எங்கள் யோசனை இது. கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். ஆம் என்றும் எழுத வேண்டாம். குழுவின் மொத்த எண்ணிக்கை, முடிவெடுக்கும் முறை, நடவடிக்கைக் குறிப்பு, வரைபடம், பராமரிப்புச் செலவு ஆகியவற்றுக்கு எழுத்தில் விளக்கம் கேட்டுப் பதில் போடுவோம். குறிப்பு தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் நமக்கு வர வேண்டும் என்றும் கேட்போம். இடம் இரண்டு போதாது. அதில் பாதி பெண்களுக்கு, ஓர் இடமாவது வாடகைக்காரருக்கு. பதில் வருவதற்குள் நாமே எண்ணி முடித்துவிட வேண்டும். அவர்கள் பட்டியலோடு வரும்போது நம் கையிலும் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். இதற்குப் பொதுக்குழு ஒப்ப வேண்டும். வேறு யோசனை உள்ளவர்கள் ஞாயிறன்று எழுந்து சொல்லுங்கள். கருத்துக் கேட்டுவிட்டுக் கோப்பில் போட்டு மூடுகிற கூட்டமல்ல அது.

கணக்கெடுப்புக்கு மட்டும் பொதுக்குழுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, குழாயடிச் சந்திலிருந்து தொடங்குகிறோம். அளவு நாடா இரண்டு வாங்கியாகிவிட்டது. நோட்டுப் புத்தகம் சங்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், எத்தனை பேர், எந்த ஆண்டு வந்தது, என்ன தாள் இருக்கிறது, நீள அகலம், மாடியில் யார். எழுதியதை அந்த வீட்டுப் பெண்ணிடம் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத வந்தால் நல்லது. ரேஷன் அட்டை, மின்சார ரசீது, பழைய போட்டோ பாஸ் ஏதேனும் இருந்தால் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். அசல் யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும்தான்.